வாளி விற்றது, சவாரி வென்றதா?

"சாமான் நல்லா விற்குதுதானே, அப்ப சவாரியும் வெற்றிதானே?"

கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றிக் கதைக்கும் இடமெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. ஒரு சவாரி சரியில்லை என்று யாராவது எழுதினால் போதும், உடனே ஒருவர் வந்து வாசலில் இருக்கிற கடையைக் காட்டுவார். பொம்மை முடிந்துவிட்டது, ரீசேர்ட் முடிந்துவிட்டது, பிறகென்ன குறை என்பார். கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெற்றி இல்லை.

நான் வணிகமும் கணக்கீடும் படிப்பிக்கிறவன். இலாபம் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஆனால் எந்த வருமானத்தை எந்தக் கணக்கில் பதிவது என்பதுதான் எங்கள் பாடத்தின் முதல் ஒழுக்கம். தொகை சரியாக இருந்தாலும் கணக்கு மாறிப் பதிந்தால் அது வழுதான். பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கே இதற்குப் புள்ளி வெட்டுகிறோம். பெரிய மனிதர்கள் செய்தால் மட்டும் "வியாபார நுணுக்கம்" என்று பெயர் வைப்பதா?

வெறுமனே பொதுவாகப் பேசாமல் ஓர் உண்மையான உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் புளோரிடாவில், வோல்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் எப்கொட் என்றொரு பூங்கா இருக்கிறது. 1982 ஒக்டோபரில் திறந்தார்கள். அதில் கற்பனைக்கென்றே ஒரு மண்டபம் கட்டினார்கள். அதன் சவாரி 1983 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. அனுசரணை கொடாக் நிறுவனம். சிவந்த தாடியோடு ட்ரீம்ஃபைண்டர் என்றொரு மனிதர். அவரோடு ஊதா நிறத்தில் ஃபிக்மென்ட் என்றொரு சின்ன ட்ராகன். இந்த இரண்டு பேரும் எந்தப் படத்திலிருந்தும் இறக்குமதியானவர்கள் இல்லை. அந்தச் சவாரிக்காகவே பிறந்தவர்கள். ஓவியம், இலக்கியம், அரங்கக் கலை, விஞ்ஞானம் என்று பகுதி பகுதியாகப் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் பயணம். இறங்கியதும் மேல் மாடியில் பிள்ளைகள் தாங்களே தொட்டு, மிதித்து, நிறமும் ஓசையும் உண்டாக்கி விளையாட ஒரு பெரிய கூடம். ஒரு தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகள் ஃபிக்மென்டை நேசித்தது இந்தச் சவாரியில்தான்.

1998இல் அதை மூடினார்கள். 1999இல் புதிதாகத் திறந்தபோது ட்ரீம்ஃபைண்டர் இல்லை. ஃபிக்மென்ட் கண்ணில் பட்டும் படாமலும் ஓரிரு இடத்தில் வந்து போனார். பாதையைச் சுருக்கிவிட்டார்கள். மேல் மாடிக் கூடத்தையும் மூடிவிட்டார்கள். கதையோ இன்னும் மோசம். ஒரு கற்பனை ஆய்வுநிலையம் வந்தவர்களின் தலையை இயந்திரத்தால் சோதித்து, உள்ளே கற்பனை ஒன்றுமே இல்லை என்று முடிவு சொல்லும். காசு கொடுத்து வந்தவரைப் பார்த்து "உனக்கு மண்டையில் ஒன்றும் இல்லை" என்று சொல்லும் சவாரி! சனம் சும்மா இருக்கவில்லை. முறைப்பாடுகள் குவிந்தன. இரண்டு வருடத்தில் அதையும் மூடி, 2002இல் ஃபிக்மென்டை மீண்டும் உள்ளே கொண்டுவந்து மூன்றாவது வடிவத்தைத் திறந்தார்கள்.

இன்று ஓடுவது அந்த மூன்றாவது வடிவம்தான். ஆறு நிமிடமளவு ஓடும். ஐம்புலன்களுக்கும் ஆய்வுகூடம் காட்டுவதாகப் பயணம் தொடங்குகிறது. ஓசை, பார்வை, மணம் என்று மூன்றோடு நின்றுவிடுகிறது. தொடுகையும் சுவையும் கிடையாது. மணம் என்ற இடத்தில் கிடைப்பது ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம். பிறகு தலைகீழாகத் தொங்கும் ஒரு வீடு, ஒரு பாட்டு, இறங்கு. ஐந்து கேள்விக்கு விடை எழுத வந்த பிள்ளை மூன்றை எழுதிவிட்டு எழும்பிப் போனால் நாங்கள் எத்தனை புள்ளி போடுவோம்? எப்கொட்டுக்குப் போகிறவர்கள் அநேகமாகக் காத்திருக்காமல் ஏறிவிடக்கூடிய சவாரிகளில் இதுவும் ஒன்று.

இப்போது வாளிக்கு வருவோம். 2022 ஜனவரி. எப்கொட்டில் கலை விழா. ஃபிக்மென்ட் உருவத்தில் ஒரு பொப்கோர்ன் வாளி விற்பனைக்கு வந்தது. விலை 25 டொலர் அளவு. அதை வாங்க மணித்தியாலக் கணக்கில் சனம் வரிசையில் நின்றது. செய்தியாக உலகமெல்லாம் ஓடியது. அன்றே இணையத்தில் பல மடங்கு விலைக்கு மறுவிற்பனையும் தொடங்கிவிட்டது.

இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். "பார்த்தீர்களா, ஃபிக்மென்ட் சவாரி எவ்வளவு வெற்றி!"

நண்பர்களே, கொஞ்சம் நின்று யோசியுங்கள். வாளிக்கு வரிசை மணித்தியாலக் கணக்கில். அதே பூங்காவில், அதே ஃபிக்மென்ட் இருக்கிற சவாரிக்கு வரிசை நிமிடக் கணக்கில். இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது சவாரிக்குக் கிடைத்த பாராட்டா, சவாரியைப் பற்றிய முறைப்பாடா? ஃபிக்மென்டுக்காகப் பாதி நாளைக் கொடுக்கத் தயாராக இருந்த சனம், அந்த ஃபிக்மென்ட் குடியிருக்கும் வீட்டுக்குள் போக அவசரப்படவில்லை. வாளி வாங்கச் சவாரி ஏற வேண்டிய அவசியமும் இல்லை. அந்த 25 டொலரைச் சவாரியின் கணக்கில் எந்த முகத்தோடு பதிவது?

விற்பனை அளப்பது பாத்திரத்தின் மீதுள்ள அன்பை. சவாரி நன்றாக இருக்கிறதா என்பதை அது அளப்பதில்லை. சந்தேகம் இருந்தால் இரண்டாவது உதாரணத்தைப் பாருங்கள்.

ஸ்டிச். 2002இல் வந்த டிஸ்னி படத்தின் நீல நிற விண்வெளிப் பிராணி. 2004 நவம்பரில் புளோரிடாவின் மெஜிக் கிங்டம் பூங்காவில் அதற்கென்று ஓர் அரங்கக் காட்சி திறந்தார்கள். வந்தவர்களின் தோளை இறுக்கி இருக்கையில் இருத்தி, இருட்டாக்கி, ஸ்டிச் ஏப்பம் விடும் நாற்றத்தை முகத்தில் அடிக்கும் காட்சி. அந்தப் பூங்காவின் மிக மோசமானவை எவை என்று ரசிகர்கள் பட்டியல் போட்டால் இது தவறாமல் இடம்பிடிக்கும். 2018 ஜனவரியோடு அது ஓடாமல் நின்றது. 2020இல் நிரந்தரமாக மூடியதாக அறிவித்தார்கள்.

ஸ்டிச் சாமான் விற்கவில்லையா? எங்கள் வகுப்பறைகளுக்குள் வந்து பாருங்கள். பிள்ளைகளின் புத்தகப் பையில் ஸ்டிச், பென்சில் பெட்டியில் ஸ்டிச், தண்ணீர்ப் போத்தலில் ஸ்டிச். அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் புளோரிடாவைக் கண்டதில்லை. அந்தக் காட்சி இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. சாமான் விற்பனை சவாரியை வெற்றியாக்கும் என்றால், ஸ்டிச்சின் காட்சி உலகத்திலேயே வெற்றி பெற்றதாக இருந்திருக்க வேண்டும். அதை ஏன் மூடினார்கள்? பொம்மைக் கணக்கும் காட்சிக் கணக்கும் வேறு வேறு என்பது அந்த நிறுவனத்துக்கே தெரியும். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: "இது வியாபாரம். முழுப் பூங்காவும் சேர்ந்துதான் ஒரு கணக்கு. சவாரி கொஞ்சம் நட்டமானாலும் கடை ஈடு செய்தால் போதும்." சரி, நிறுவனத்தின் முழுக் கணக்கு அப்படித்தான் பார்க்கப்படும். நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி நிறுவனம் வென்றதா என்பதல்லவே. சவாரி வென்றதா என்பதுதான் கேள்வி. ஒரு பாடசாலையின் சிற்றுண்டிச்சாலையில் வடையும் ரோல்ஸும் நன்றாக விற்றால் பாடசாலைக்கு நல்ல வருமானம். அதைக் காட்டி அதிபர், "எங்கள் பிள்ளைகள் கணிதத்தில் நல்ல பெறுபேறு" என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் நீங்கள் விடுவீர்களா?

இரண்டாவது: "சவாரி ஓடுவதால்தானே ஃபிக்மென்ட் நினைவில் இருக்கிறார். அதனால் விற்பனையில் சவாரிக்கும் பங்குண்டு." இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஃபிக்மென்ட் நினைவில் இருப்பது ஒரு சவாரியால்தான். ஆனால் எந்தச் சவாரியால்? 1999இல் அவரைக் கிட்டத்தட்ட வெளியே தள்ளியபோது, திரும்பக் கொண்டுவா என்று கேட்டவர்கள் 1983இன் சவாரியில் வளர்ந்தவர்கள். ட்ரீம்ஃபைண்டரைப் பாருங்கள். 1998க்குப் பிறகு அவர் அந்தச் சவாரியில் இல்லை. அப்படியிருந்தும் 2014இல் மார்வல் வெளியிட்ட ஃபிக்மென்ட் சித்திரக்கதையில் அவருடைய இளமைக் கதையைத்தான் சொன்னார்கள். சவாரியில் இல்லாத ஒருவரின் பெயருக்கு இன்னும் பெறுமதி இருக்கிறது என்றால், அந்தப் பெறுமதியை உண்டாக்கியது இன்று ஓடும் சவாரி என்று எப்படிச் சொல்வது?

எங்கள் பாடத்தில் இதற்கு நன்மதிப்பு என்று பெயர். 1983இல் நல்ல வேலை செய்து சேர்த்த நன்மதிப்பு. இன்று வாளியாகவும் தொப்பியாகவும் விற்பது அந்தப் பழைய சேமிப்பைத்தான். வருமானம் போலத் தெரிகிறது. உண்மையில் அது எடுப்பனவு. மூலதனத்தில் ஒரு சதமும் புதிதாகப் போடாமல் எடுத்துக்கொண்டே இருப்பவனைப் பார்த்து வெற்றிகரமான வியாபாரி என்று ஊரில் எவரும் சொல்வதில்லை. தகப்பன் வைத்த கடையை இருந்து சாப்பிடுகிறான் என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது: "அப்படியென்றால் விற்பனைக்குச் சான்றுப் பெறுமதியே இல்லையா?" இருக்கிறது. அதற்கும் அளவுகோல் சொல்கிறேன். சவாரியில் ஏறியவர் மட்டுமே வாங்கக்கூடிய பொருள், ஏறி இறங்கிய கையோடு வாங்கும் பொருள், அது ஓரளவு சான்று. சவாரியின் நடுவில் எடுக்கும் புகைப்படத்தை வாங்குகிறாரே, அது அந்தச் சில நிமிடத்துக்கு அவர் போட்ட புள்ளி. யூனிவர்சல் பூங்காவின் ஹரி பொட்டர் பகுதியில் மந்திரக்கோல் வாங்கும் பிள்ளை, அதை அந்தத் தெருவிலேயே கடை யன்னலை நோக்கி ஆட்டினால் உள்ளே ஏதாவது அசையும். அங்கே பொருள் அனுபவத்தின் ஒரு பகுதி. அந்தக் கோல் விற்றால் அந்த இடம் வேலை செய்கிறது என்று நானும் ஏற்றுக்கொள்வேன். வாளிக்கு அந்தத் தகுதி இல்லை.

"யாரோ ஒரு பணக்கார நாட்டின் விளையாட்டுப் பூங்காவுக்காக ஏன் சேர் இவ்வளவு மினக்கெடுகிறீர்கள்?" என்று கேட்பீர்கள்.

இந்தப் பிழையான பதிவால் நட்டப்படுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதால்தான். அது டிஸ்னி நிறுவனம் இல்லை. 2002க்குப் பிறகு பிறந்து, அந்த மண்டபத்துக்குப் போகும் பிள்ளை. 1983இன் பிள்ளைக்கு ஓவியமும் இலக்கியமும் விஞ்ஞானமும் மேல் மாடிக் கூடமும் கிடைத்தது. இன்றைய பிள்ளைக்கு மூன்று ஆய்வுகூடமும் ஒரு நாற்றமும் கடை வாசலும் கிடைக்கிறது. அந்தப் பிள்ளைக்காகச் சவாரியைத் திருத்த வேண்டும் என்று யாராவது கேட்டால், "என்னத்துக்கு? ஃபிக்மென்ட் நன்றாகத்தானே விற்கிறார்" என்ற பதில் தயாராக இருக்கிறது. தாயும் தகப்பனும் தங்கள் பழைய அன்பினால் வாங்கிய வாளி, தங்கள் பிள்ளைக்கு நல்ல சவாரி கிடைக்காமல் இருப்பதற்குச் சாட்சியாக மாறிவிடுகிறது. இதைவிடப் பெரிய அநியாயம் என்ன?

வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆசைப்பட்டதை வாங்குங்கள், பிள்ளைக்கும் வாங்கிக் கொடுங்கள். ஆனால் உங்கள் அன்பை வேறொருவரின் சோம்பலுக்குச் சான்றிதழாக எழுதிக் கொடுக்காதீர்கள். வாளியும் கையில் இருக்கட்டும், "சவாரி சரியில்லை, திருத்துங்கள்" என்ற வார்த்தையும் வாயில் இருக்கட்டும். 2002இல் ஃபிக்மென்டைத் திரும்பக் கொண்டுவந்தது எந்த விற்பனைப் பட்டியலும் இல்லை. வாய் திறந்து குறை சொன்ன சனம்தான்.

ஒரு சவாரி வென்றதா என்று அறிய வேண்டுமானால் கடைக்காரரிடம் கேட்க வேண்டாம். இறங்கி வரும் பிள்ளையிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இன்னொருக்கா போவோமா?"

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: சவாரியைப் பற்றி எழுதுங்கள், கடையின் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து நீட்டாதீர்கள்.