ஆகாரம் மறுக்கும் பிராணி

சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரிக்காட்டு ஊர்களிலிருந்தும் பெரியதாழைக் கடற்கரையிலிருந்தும் தம் நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு வருகிறவர், “ரெண்டு நாளா எரை எடுக்க மாட்டேங்கு சார்” என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். அவ்வளவையே ரோகத்தின் முழு விருத்தாந்தமாகக் கொண்டு, கல்லீரல் டானிக் ஒன்றை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடும் வழக்கத்தைக் குறித்தே இவ்விதழில் சில வார்த்தைகள் எழுத விழைகிறோம். பசியின்மை தனி ரோகமன்று. சிறுநீரகம், கல்லீரல், கர்ப்பப்பை, பல், ரத்தம் ஆகிய எதில் கேடு நேர்ந்தாலும் முற்பட வெளிப்படக்கூடிய பொது லட்சணம் அது.

முதலாவதாகப் பிரித்தறிய வேண்டுவது, பிராணிக்கு உண்ண மனமில்லையா, மனமிருந்தும் உண்ண இயலவில்லையா என்பதே. தட்டருகே ஆவலோடு வந்து முகர்ந்து பின்வாங்குமானால் வாயிலோ தொண்டையிலோ வேதனை உண்டென்று ஊகிக்கலாம். ஆனால் கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வழிய, விழுங்க முடியாமல் நிற்கும் நாய்க்குத் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதென்று வீட்டார் சொல்வதை நம்பி வாய்க்குள் கை விடுவது பேரபாயம். ஊமை வெறிநோயின் தோற்றமும் அதுவே. தடுப்பூசி விவரமும் கடிபட்ட விவரமும் விசாரித்தறிவதோடு, வீட்டார் எவரேனும் முன்னரே கை விட்டிருந்தால் அவரை அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதும் நம் கடமையாகும்.

நம் பிரதேசத்து நாய்களில் உண்ணிக் காய்ச்சலை எப்போதும் நினைவிற்கொள்ள வேண்டும். பபீசியா கிப்சோனி என்னும் ரத்த ஒட்டுண்ணியை 1910-இல் பேட்டன் என்பார் முதன்முதலில் விவரித்தது மதராஸ் வேட்டைக் குழுவின் நாய்களிலிருந்தே என்பதை நினைத்தால், இது நமக்கு அந்நியமான வியாதியன்று. ஈறு வெளுத்து, காய்ச்சலுடன் தீனி மறுக்கும் நாய்க்கு ரத்தப் பூச்சு எடுத்துப் பார்ப்பது அவசியம். எர்லிக்கியாவுக்கு உதவும் டாக்சிசைக்ளின் மட்டும் பபீசியாவை ஒழிக்காது. பருவம் முடிந்து சில வாரங்களில் தீனி குறைந்து தண்ணீர் மிகுதியாகக் குடிக்கும் பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி முதலிய, இயல்பிலேயே மெலிந்த உடற்கட்டுடைய நாய்களில் இளைப்பு கண்ணுக்கு எளிதில் புலப்படாதாகையால், வரும்போதெல்லாம் எடை பார்த்துக் குறித்து வைப்பது நலம்.

பூனையின் விஷயம் இன்னும் அவசரமானது. நாய் தாங்கும் பட்டினியைப் பூனை தாங்குவதில்லை. கொழுத்த பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தாலே, உடற்கொழுப்பு கல்லீரலில் வந்து குவிந்து, மஞ்சள் காமாலையும் மரணமும் நேரக்கூடும். அந்நிலையில் ஆகாரமே பிரதான ஔஷதமாதலால், குழாய் வழியாகவேனும் புகட்டத் தயங்கலாகாது. நெடுநாள் பட்டினிக்குப்பின் அளவைப் படிப்படியாகவே உயர்த்த வேண்டும். சளியால் மூக்கடைத்த பூனை, வாசனை அறியாமையாலேயே உண்ண மறுக்கும். வெதுவெதுப்பாக்கிய மீன் அதற்கு உதவும். கடலோரத்தில் பச்சை மீன் கழிவையே தின்று வளரும் பூனைகளில், சில மீன்களிலுள்ள நொதி தயமின் சத்தைச் சிதைத்துவிடுவதால் முதலில் பசி குன்றி, பின்னர்த் தலை கவிழ்ந்து, வலிப்பும் காணலாம். வேகவைத்தால் அந்நொதி அழிந்துவிடும் என்னும் எளிய உண்மையை மீனவக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லுதல் நம் பொறுப்பு.

பசியைத் தூண்டும் மருந்துகளை நாம் நிராகரிக்கவில்லை. காரணம் தெரிந்து, குமட்டலும் வலியும் நீர் வறட்சியும் தீர்க்கப்பட்ட பின்னர் அவை நல்ல துணையாகும். குடலடைப்பு இருக்கையில் அவற்றைக் கொடுப்பதோ தீங்கு. ஆகவே ஒவ்வொரு சிகிச்சைச் சீட்டிலும், கடைசியாக உண்டது எப்போது, எதை, எவ்வளவு என்பவற்றுடன் எடையும் உடல் வெப்பமும் ஈறுகளின் நிறமும் குறிக்கப்பட வேண்டும். சந்தேகம் தீராவிடில், இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அன்றே அனுப்ப வேண்டும். இவற்றைக் குறிப்பதற்குச் சில நிமிஷங்களே ஆகும். நெரிசல் மிக்க மருந்தகத்திலும் அச்சில நிமிஷங்களை ஒதுக்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.