ஏழ்மைக்குச் சாட்சி கேட்கலாமா?

ரமளான் வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் ஈகை பெருகிவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால், அதைப் பெற வருபவர் எந்த நிலையில் நிற்கிறார் என்பதை நாம் கவனிக்கிறோமா? கையில் டோக்கன், வெயிலில் வரிசை, ஒலிபெருக்கியில் பெயர், இறுதியில் ஒரு புகைப்படம். அன்று மாலைக்குள் அப்படம் வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிடுகிறது. கணவரை இழந்த ஒரு தாய், தம் பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் பார்க்கும்படி அரிசிப் பையோடு நிற்க நேர்கிறது. நாம் கொடுத்தது சில கிலோ அரிசி. எடுத்துக்கொண்டதோ அவருடைய கண்ணியம்.

"தகுதியற்றவர் வாங்கிவிடக் கூடாதே" என்று நாம் காரணம் சொல்கிறோம். அக்கவலை நியாயமானதே. ஜக்காத் யாருக்கு உரியது என்பதை அல்லாஹ்வே வரையறுத்திருக்கிறான் (அல்குர்ஆன் 9:60). ஆயினும், அந்த வரையறையை நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு கையாண்டார்கள்? தர்மப் பொருள் பங்கிடப்பட்டபோது, உடல் வலிமையுள்ள இருவர் வந்து கேட்டனர். வசதியுள்ளவருக்கும் உழைக்கும் வலிமை பெற்றவருக்கும் இதில் பங்கில்லை என்பதை எடுத்துரைத்து, விரும்பினால் தருவதாக நபியவர்கள் கூறினார்கள் (அபூதாவூத்). சட்டத்தைச் சொன்னார்கள், முடிவை அவர்களுடைய மனசாட்சியிடமே விட்டார்கள்.

மனிதரை நம்பும் இவ்வழி நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஐயுறுவோருக்கு நம் மதுரையிலேயே ஒரு சான்று உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கட்டணப் பிரிவும் உண்டு, இலவசப் பிரிவும் உண்டு. எதில் சேர்வது என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்கப்படுவதில்லை. அறை வசதிகள் வேறுபடலாம். அறுவை செய்யும் மருத்துவர்கள் வேறல்லர். வசதியுள்ள சிலர் இலவசப் பிரிவில் நுழைந்துவிடுவரோ என்று அஞ்சி அவர்கள் ஏழையைச் சோதனைக்கு உள்ளாக்கவில்லை. கட்டணம் செலுத்துவோரின் பணத்தைக் கொண்டே ஏழைகளுக்கும் பார்வை அளித்து, அந்நிறுவனம் பல ஊர்களுக்கு வளர்ந்தது.

ஜக்காத் ஓர் அமானிதம் என்பதால் விசாரிப்பது நம் கடமையே. ஆனால், விசாரணை வேறு, விளம்பரம் வேறு. கையேந்தத் தயங்குவதாலேயே வசதியுள்ளவராகத் தோற்றமளிக்கும் ஏழைகளைப் பற்றி அல்லாஹ் நமக்கு உணர்த்துகிறான் (2:273). அத்தகையோர் நம் வரிசைகளுக்கு ஒருபோதும் வரமாட்டார்கள். அவர்களைத் தேடிச் செல்ல வேண்டியவர்கள் நாமே.

எனவே இந்த ஆண்டு நம் ஜமாஅத்துகள் சில முடிவுகளை எடுக்கட்டும். பயனாளிகளின் பட்டியல் நம்பிக்கைக்குரிய இருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஃபித்ரா அரிசி, பெருநாளுக்கு முன்பே வீடு தேடிச் செல்லட்டும். ஜக்காத் தொகை வங்கிக் கணக்கிலோ மூடிய உறையிலோ சேரட்டும். பெறுபவரின் முகம் எந்தப் படத்திலும் வேண்டாம். கணக்குக் காட்ட வேண்டுமெனில் தொகையைக் காட்டுவோம். மனிதரைக் காட்ட வேண்டியதில்லை.

நம் செல்வத்தில் ஏழைக்குரியது அவருடைய உரிமை (51:19). உரிமையைப் பெற வருபவரைத் தலைகுனிய வைப்பது ஈகையாகாது. சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் நம் தர்மங்களைப் பாழாக்கிக்கொள்ளாமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.