சகோதரியின் பங்கு

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களின் சொத்து முழுவதையும் அவர்களுடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவையான மனைவி, தம் இரு பெண்மக்களுடன் வந்து அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பாகப்பிரிவினை பற்றிய இறைவசனம் இறங்கியது. பெண்மக்களுக்கு மூன்றில் இரு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்து, எஞ்சியதையே சகோதரர் பெற வேண்டும் எனப் பெருமானார் (ஸல்) தீர்ப்பளித்தார்கள்.

இன்று நம் இல்லங்களில் நடப்பதென்ன? “திருமணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், இனி உனக்கேது பங்கு?” என்று கூறி, உடன்பிறந்தவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கிவிடுகின்றனர். வாப்பா உயிரோடிருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. அவர் மறைந்தபின் வருவது அல்லாஹ் விதித்த உரிமை. ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அதனையும் சேர்த்துவிட்டது. ஆகவே, ‘வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை’ என்பதற்கும் இடமில்லை.

பிறந்தகத்தின் வாசல் அடைபட்டுவிடுமோ என அஞ்சி மௌனம் காப்பவள், மனமுவந்து விட்டுக்கொடுத்தவள் அல்லள். அவளாகக் கேட்குமுன் அவள் பங்கை அவள் கையில் ஒப்படைப்பதே ஈமானுக்கு அழகு. பிறர் உரிமையை உண்ணாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.