ரோபஸ்டா பேரை மறைக்கிறது யாரு? உங்க காபி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க!



காலையில காபி போட்ட அந்த பாக்கெட்டை ஒரு நிமிஷம் கையில எடுங்க. காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரி அளவைச் சொல்லியே ஆகணும் என்பது சட்டம். நல்லது. ஆனா அந்தக் காபி என்ன காபி? எந்த மலையில விளைஞ்சது? பெரும்பாலான பாக்கெட்டில் பதில் இருக்காது. சட்டம் கேட்கலை, அவங்களும் சொல்லலை.

அராபிகாவா இருந்தா மட்டும் முன்பக்கமே கொட்டை எழுத்துல வரும். ‘பீபெரி’ என்றும் பெருமையா போடுவாங்க. பீபெரி தனி ரகமே கிடையாது! பழத்துக்குள்ள ரெண்டு கொட்டைக்குப் பதிலா ஒத்தை உருண்டைக் கொட்டை விளைஞ்சா அதுதான் பீபெரி. ரோபஸ்டா செடியிலும் அது வரும். ஆனா ரோபஸ்டா என்ற பேரை அச்சடிக்க மட்டும் கை கூசுது.

கேட்டா மட்டச் சரக்கு, கசப்பு என்பாங்க. இந்தியாவில் விளையுற காபியில் சுமார் 70 சதவீதம் ரோபஸ்டாதான். இன்ஸ்டன்ட் காபியே அதை நம்பித்தான் ஓடுது. நம்ம காபியை அதிகமா வாங்குற நாடு இத்தாலி. அங்கே எஸ்பிரெசோ மேல நிக்கிற கெட்டி நுரைக்கு ரோபஸ்டா வேணும். அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் இருக்கு, அதனால கசப்பு கூடுதல்தான், மறுக்கலை. ஆனா பழுத்ததைப் பார்த்துப் பறிச்சு, கழுவிக் காய வெச்சா, ‘காப்பி ராயல்’ என்ற உயர்தர ரோபஸ்டாவா வெளிநாடு போகுது. பச்சையும் பழமுமா உருவி மண் தரையில காயப்போட்டா எந்தக் காபிதான் நல்லா இருக்கும்? பார்த்துப் பறிக்கக் கூலி வேணும். அந்தக் கூலிக்கு விலை வேணும். விலை கிடைக்கணும்னா முதல்ல பேரு வேணும்!

இது கர்நாடகா, கேரளா பிரச்சினை என்று ஒதுங்காதீங்க. நம்ம நீலகிரியில கூடலூர், பந்தலூர் பக்கம் விளையுறது ரோபஸ்டா. பக்கத்துல இருக்கிற வயநாடு ரோபஸ்டாவுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. எல்லைக்கு இந்தப் பக்கம் விளையுற நம்ம காபிக்கு அந்தப் பேரும் இல்லை.

கூடலூர் விவசாயி நிலைமை என்ன? பிப்ரவரி, மார்ச்சில் பூ மழை தவறுனா அந்த வருஷம் போச்சு. மழை வந்து, தேனீ வந்து, காய் பிடிச்சு, யானைக்கும் தப்பி மூட்டை கட்டுனா, ஐம்பது கிலோவுக்கு எத்தனை கிலோ பருப்பு தேறும், ஈரம் எவ்வளவு என்று வியாபாரி சொல்றதுதான் கணக்கு. அடிப்படை விலை லண்டன் சந்தையில முடிவாகுது. விலை ஏறட்டும் என்று மூட்டையை வெச்சிருக்கலாமே? 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டச் சிக்கலில் பட்டா இல்லாம எத்தனையோ குடும்பங்கள் தவிக்குது. பட்டா இல்லைன்னா வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லைன்னா பறிச்ச கையோட வித்தாகணும்.

2024-ல் லண்டனில் ரோபஸ்டா டன் 5,000 டாலரைத் தாண்டிச்சு. வியட்நாம் வறட்சி ஒரு முக்கியக் காரணம். நம்ம பாக்கெட் விலையும் ஏறுச்சு. அப்போ மட்டும் யாரும் இதை மட்டச் சரக்கு என்று சொல்லலை, கவனிச்சீங்களா?

காபி வாரியமே வாங்கி விற்ற முறை 1990-களோட முடிஞ்சது. விவசாயிகளே கேட்டு வாங்கின சுதந்திரம்தான் அது, உண்மை. ஆனா நாட்டின் காபித் தோட்டங்களில் 100-க்கு 98-க்கு மேல சிறு தோட்டங்கள். அவங்களைத் தனியா லண்டனோட மல்லுக்கட்ட விட்டுட்டு ஒன்றிய அரசு ஏற்றுமதிச் சாதனைன்னு மார்தட்டுது. மாநில அரசு பட்டா கோப்பைத் தூசு தட்டக்கூட மாட்டேங்குது.

ஏற்காடு, தாண்டிக்குடி அராபிகா விவசாயியும் நம்ம ஆளுதான், அவங்களுக்கு எதிரா இதைப் பேசலை. சிக்கரி அளவை எழுதுற அதே இடத்துல காபி ரகம், அதன் சதவீதம், விளைஞ்ச மாவட்டம் எல்லாம் எழுதணும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போடட்டும். கூடலூர் ரோபஸ்டாவுக்குப் புவிசார் குறியீடு கேட்டு மாநில அரசு விண்ணப்பிக்கட்டும். அந்தக் குடும்பங்களுக்குப் பட்டா கொடுக்கட்டும்.

“காபியில என்னப்பா அரசியல்?” என்று கமெண்டுக்கு வருவாங்க. வரட்டும். நீங்க அடுத்த தடவை பொடி அரைக்கப் போகும்போது, “இதுல ரோபஸ்டா எவ்வளவு, எந்த ஊரு?” என்று கடைக்காரர்கிட்ட கேளுங்க. என்ன பதில் வந்துச்சு என்று பாக்கெட் படத்தோட கீழே போடுங்க.

#பாக்கெட்டில்_எழுது #கூடலூர்_காபி