கதவில் போட்ட சிறு குறி!
போலியோவை விரட்டியது எப்படி?

ஒரு பெரிய திட்டத்தை மக்கள் ஏற்றுக் கொள்ளும்படி செய்வது எப்படி? விளம்பரம் மட்டும் போதுமா? இந்தியாவில் இளம்பிள்ளை வாதத்தை ஒழித்த கதை இதற்கு விடை தருகிறது.

'போலியோ' என்று சொல்லப்படும் இந்த நோய், குழந்தைகளின் கை, கால்களை முடக்கிவிடும். இதைத் தடுக்க 1995-ம் ஆண்டில் நாடெங்கும் சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியது. அது சாதாரண வேலை அல்ல! பிற்காலத்தில், ஒரே சுற்றில் சுமார் 17 கோடி குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் அதில் ஈடுபட்டார்கள்.

வதந்தி

2001-ல் நாட்டில் 268 பேருக்கு இந்த நோய் கண்டது. 2002-ல் அது 1,600 ஆக உயர்ந்தது. அதில் பெரும் பகுதி உத்தரப் பிரதேசத்தில்!

அங்கே பல வீடுகளில் மருந்து வேண்டாம் என்று மறுத்தார்கள். "மருந்து குடித்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது" என்று ஒரு வதந்தி பரவியிருந்தது. அது முழுப் பொய். ஆனால், பயந்து போன தாய் எப்படிப் பிள்ளையைக் கொடுப்பாள்?

பிரபல நடிகர் அமிதாப் பச்சன் விளம்பரங்களில் தோன்றி, மருந்து கொடுக்கும்படி கேட்டுக் கொண்டார். அதனால் விஷயம் ஊரெல்லாம் தெரிந்தது. ஆனால் எந்த வீட்டில் எந்தக் குழந்தை விடுபட்டது என்பதை விளம்பரம் சொல்லாதே!

'பி'யும் 'எக்ஸ்'சும்

அதைச் சொன்னது சுண்ணக்கட்டி!

மருந்து குடித்த குழந்தையின் இடது கைச் சுண்டு விரலில் மை வைத்தார்கள். எல்லாக் குழந்தைகளும் குடித்துவிட்டால், வீட்டுக் கதவிலோ சுவரிலோ 'பி' என்று ஆங்கில எழுத்தை எழுதினார்கள். ஒரு குழந்தை விடுபட்டாலும் 'எக்ஸ்'.

'எக்ஸ்' வீட்டுக்கு மீண்டும் போனார்கள். என்ன காரணம் என்று குறித்துக் கொண்டார்கள். வீடு பூட்டியிருந்ததா? குழந்தை வெளியூர் போயிருக்கிறதா? உடம்பு சரியில்லையா? பெற்றோர் மறுத்தார்களா? ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வழி தேடினார்கள். பயணம் போகும் குழந்தைகளுக்கு பஸ் நிலையத்திலும் ரயிலிலும் மருந்து கொடுத்தார்கள். மறுத்த வீட்டுக்கு, அந்த ஊர் நம்பும் மனிதரை அழைத்துப் போனார்கள். மசூதியின் இமாம், பள்ளி ஆசிரியர், உள்ளூர் வைத்தியர் ஆகியோர் வந்து பேசினார்கள். அந்தந்தத் தெருப் பெண்களே வீடு வீடாகக் குழந்தைகளின் கணக்கை எழுதி வைத்தார்கள்.

மருந்துக் குப்பியிலும் ஓர் அடையாளம் உண்டு. வட்டத்துக்குள் ஒரு வெளிர்நிறச் சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால், அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. எழுத்துத் தெரியாதவரும் பார்த்தவுடன் புரிந்து கொள்ளலாம்!

நியாயமான கேள்வி

மறுத்தவர்கள் எல்லோரும் வதந்தியை நம்பியவர்கள் அல்ல. "காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, சாக்கடை வசதி இல்லை, இதற்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள்?" என்று பலர் சந்தேகப்பட்டார்கள். இது நியாயமான கேள்வி. ஆகவே கை கழுவும் பழக்கம், வயிற்றுப்போக்குக்குச் சிகிச்சை, மற்றத் தடுப்பூசிகள் ஆகியவற்றையும் இயக்கத்தில் சேர்த்தார்கள். சொல்வதோடு நில்லாமல் காது கொடுத்துக் கேட்டதால், நம்பிக்கை வளர்ந்தது.

பலன் என்ன? 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு நோய் கண்டது. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் வந்த நோயில் அதுவே இந்தியாவில் கடைசி! 2014 மார்ச் 27-ல், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆனால் 2024-ல்கூட பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் குழந்தைகளை இந்த நோய் தாக்கியது. நோய்க்கிருமி எல்லை பார்த்து நிற்பதில்லை.

இன்று எந்தப் புதிய திட்டம் வந்தாலும், எத்தனை சுவரொட்டி ஒட்டினார்கள் என்று மட்டும் பார்க்கக் கூடாது. விடுபட்ட வீடுகள் எத்தனை, அங்கே மறுபடி போனார்களா என்று கேட்க வேண்டும். உங்கள் தெருவில் மருந்து முகாம் நடந்தால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மறக்காமல் அழைத்துப் போங்கள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்!