சந்தனக்கூடும் பழைய லென்ஸும்

நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குச் சந்தனக்கூடு வரும் கந்தூரி இரவைப் படமெடுக்க விழைகிறீர்களா? சோவியத் நாட்டின் பழைய ஹீலியோஸ் 44-2 லென்ஸ் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். தக்க இணைப்பு வளையம் ஒன்றிருந்தால் இன்றைய டிஜிட்டல் காமிராவிலும் அது பொருந்தும். 58 மி.மீ. குவியத்தூரமுள்ள அதன் துளை எஃப் 2 வரை விரிவதால், கூட்டின் விளக்கொளியே பெரும்பாலும் போதும்; ஃப்ளாஷ் வேண்டா. துஆவுக்குக் கையேந்தி நிற்பவரின் கண்ணில் மின்னலைப் பாய்ச்சுவது எனக்குச் சற்றும் உடன்பாடன்று. அவர் இசைவின்றி அவர் முகத்தை எடுப்பதும் அவ்வாறே.

ஆனால், முழுதும் திறந்த துளையில் பத்தடித் தொலைவில் ஏறத்தாழ ஓரடி ஆழமே கூர்மையாக விழும். நகரும் கூட்டைத் துரத்திக் கையால் குவிப்பது எளிதன்று. கூடு கடக்கவிருக்கும் தோரண வளைவின்மீது முன்னரே குவித்துவிட்டு, வளையத்தைத் தொடாமல் காத்திருங்கள். கூடு அங்கு வந்ததும் அழுத்துங்கள்.