குற்றம் சாட்டப்பட்டவருக்காக நிற்பது குற்றமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் இல்லங்களில் நடைபெறும் உரையாடல்களை நாம் அறிவோம். மருத்துவம், பொறியியல், பட்டயக் கணக்கு என்று பட்டியல் நீளும். "நான் சட்டம் படிக்கிறேன்" என்று மகனோ மகளோ சொன்னால் பேச்சு சற்றே தயங்கும். "கிரிமினல் வக்கீலாக வேண்டும்" என்று சொன்னாலோ, வீட்டுப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்து, "திருடனையும் கொலைகாரனையும் தப்பவைத்துச் சம்பாதிக்கும் காசு ஹலால் ஆகுமா?" என்று கேட்டு அப்பேச்சை முடித்துவைப்பார்.

அதே வீட்டின் கதவை ஒரு நள்ளிரவில் காவலர்கள் தட்டி, விசாரணைக்கு என்று பிள்ளையை அழைத்துச் சென்றுவிட்டால்? விடியும் முன்பே ஜமாஅத் நிர்வாகிகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் பறக்கும். "நல்ல கிரிமினல் வக்கீல் யாராவது தெரியுமா?" என்பதே அப்போது எல்லோருடைய வாயிலும் இருக்கும் கேள்வி. தேவைப்படும்போது தேடி ஓடும் ஒருவரை, தேவையில்லாதபோது இழித்துப் பேசுவது நேர்மையாகுமா? குற்றவியல் வழக்கறிஞரின் பணியைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணத்தை மார்க்கத்தின் ஒளியிலும் நாட்டு நடப்பின் ஒளியிலும் மறு ஆய்வு செய்வது நம் கடமையாகும்.

அந்த வசனம் யாரைக் கண்டிக்கிறது?

இத்தொழிலை வெறுப்போர் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்தை. மோசடிக்காரர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று அல்லாஹ் தன் தூதருக்கே அறிவுறுத்தும் வசனம் அது. இதைவிடத் தெளிவான தடை வேறென்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

ஆனால், அவ்வசனத்தின் பின்னணியாகத் திருக்குர்ஆன் விரிவுரையாளர்கள் கூறும் நிகழ்ச்சியை முழுமையாகப் பார்க்க வேண்டும். மதீனாவில் முஸ்லிமாக அறியப்பட்ட ஒருவர் ஒரு கவசத்தைத் திருடினார். பிடிபடும் நிலை வந்தபோது அதை யூதர் ஒருவரின் வீட்டில் சேர்த்துவிட்டுப் பழியை அவர்மீது சுமத்தினார். திருடியவரின் குலத்தார் திரண்டு வந்து தம் ஆளுக்காகப் பரிந்து பேசினார்கள். அப்போது இறங்கிய வசனங்கள் அந்தக் குலத்தாரின் முயற்சியை முறியடித்தன. தான் செய்த குற்றத்தை நிரபராதி ஒருவர்மீது வீசுபவன் அவதூற்றையும் வெளிப்படையான பாவத்தையும் சுமந்துகொள்கிறான் என்று 112ஆம் வசனம் கடுமையாகச் சொன்னது.

ஆக, இவ்வசனங்கள் கண்டிப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்காக நிற்பவரை அல்ல. உண்மையை அறிந்திருந்தும் நிரபராதியைப் பலிகொடுத்துத் தம் இனத்தானைக் காக்க முயல்பவரையே அவை கண்டிக்கின்றன. துணையின்றி நின்ற, வேற்று மதத்தைச் சேர்ந்த, குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைக் காக்கவே வஹீ இறங்கியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரு தரப்பாரில் ஒருவரின் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்காமல் மற்றவர் சொல்வதையும் கேட்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மற்றவர் பேசத் தெரியாதவராக இருந்தால் என்ன செய்வது? பாமரர் ஒருவர், அரசாங்கத்தின் முழு வலிமைக்கும் எதிரே கூண்டில் நின்று நடுங்கினால் என்ன செய்வது? அவருடைய தரப்பையும் நீதிபதியின் செவிக்குக் கொண்டுசெல்ல ஒரு நாவு வேண்டும். அந்த நாவுக்குத்தான் வழக்கறிஞர் என்று பெயர்.

அந்தப் பணி உண்மையில் என்ன?

திரைப்படங்கள் காட்டுவதுபோல், நீதிமன்றத்தில் கையை ஓங்கி வசனம் பேசுவதன்று இப்பணி. இதில் பெரும்பகுதி காகிதங்களோடு கழிவது. முதல் தகவல் அறிக்கை எந்த நேரத்தில் பதிவானது, நடுவரின் கைக்கு எப்போது சென்றது, இடையிலுள்ள தாமதத்திற்குக் காரணம் என்ன என்பதை அனுபவம் வாய்ந்த ஒரு வழக்கறிஞர் முதலில் பார்க்கிறார். கைப்பற்றுதல் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் உண்மையில் அவ்விடத்தில் இருந்தாரா என்று ஆராய்கிறார். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உள்ள காயமும், சாட்சி சொல்லும் ஆயுதமும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுகிறார். குறுக்கு விசாரணையில் எதைக் கேட்பது என்பதைவிட, எதைக் கேட்காமல் விடுவது என்பதைப் பல ஆண்டுப் பழக்கத்தில் கற்றுக்கொள்கிறார்.

நாள்காட்டியும் அவருடைய கருவிதான். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையையும் அதே பிரிவு தருகிறது. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால், பிணை கேட்கும் உரிமை பிறக்கிறது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் அந்தக் காலம் 180 நாள்கள் வரை நீளலாம். அந்த ஒரு நாளைத் தவறவிடும் வழக்கறிஞரால் ஒருவரின் பல ஆண்டுகள் சிறையில் கழிந்துவிடக் கூடும்.

இத்தகைய சோதனை நமக்குப் புதியதன்று. யூசுஃப் (அலை) அவர்கள்மீது பழி சுமத்தப்பட்டபோது, அப்பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே ஒரு வழி சொன்னார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை (12:26, 27). யார் பெரியவர், யார் அடிமை என்று பார்க்காமல், சட்டையைப் பார்க்கச் சொன்னார் அவர். சான்றுகளைக் கண்ட பின்னரும் யூசுஃப் (அலை) சிறையில் அடைக்கப்பட்டார்கள். பின்னர் மன்னர் அழைத்தபோதும், தம்மீதான பழி விசாரிக்கப்படும்வரை அவர்கள் வெளியே வர இசையவில்லை. மன்னிப்பைவிட, தம் பெயர் துலங்குவதையே அவர்கள் முதலில் நாடினார்கள்.

ஓர் இளைஞரின் ஏழு ஆண்டுகள்

நம் காலத்தில் இப்பணியின் பொருளை உணர்த்திச் சென்றவர் மும்பை வழக்கறிஞர் ஷாஹித் ஆஸ்மி. 1977இல் பிறந்தவர். பதின்ம வயதில் 1992-93 கலவரத்தைக் கண்ணால் கண்டார். கோபத்தில் காஷ்மீர் சென்று ஆயுதப் பயிற்சி முகாமில் சேர்ந்தார். அவ்வழி பிடிக்காமல் விரைவிலேயே திரும்பிவிட்டார். எனினும் 1994இல் தடா சட்டத்தின் கீழ் கைதாகி, டெல்லி திகார் சிறையில் பல ஆண்டுகளைக் கழித்தார். சிறையிலேயே படித்தார். வெளியே வந்து சட்டம் பயின்று, 2003 முதல் தனியாக வழக்குகளை நடத்தத் தொடங்கினார். அநீதிக்கு விடை துப்பாக்கியில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சியமாயிற்று.

2002ஆம் ஆண்டின் காட்கோபர் பேருந்துக் குண்டுவெடிப்பு வழக்கில் அவருடைய கட்சிக்காரர் விடுதலையானார். ஏழே ஆண்டுகளில் 17 பேருக்கு அவர் விடுதலை பெற்றுத் தந்ததாகப் பத்திரிகைகள் பதிவு செய்துள்ளன. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர் ஒருவருக்காக ஆஜராக அவர் முன்வந்தார். நாடே கொதித்திருந்த நேரம் அது. 2010 பிப்ரவரி 11 அன்று, குர்லாவில் உள்ள தம் அலுவலகத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32.

மூன்று மாதங்களுக்குள், மே 3 அன்று தீர்ப்பு வந்தது. தாக்குதலுக்கு வரைபடம் வரைந்து கொடுத்தார் என்பதே அவருடைய கட்சிக்காரர் மீதான குற்றச்சாட்டு. கொல்லப்பட்ட தாக்குதல்காரன் ஒருவனின் கால்சட்டையிலிருந்து அந்த வரைபடம் எடுக்கப்பட்டதாக அரசுத் தரப்பு கூறியது. அந்த உடையோ இரத்தத்தில் தோய்ந்திருந்தது. வரைபடத்தில் ஒரு துளி இரத்தக் கறைகூட இல்லை. நீதிமன்றம் அச்சான்றை ஏற்க மறுத்து அவரை விடுவித்தது. உயர் நீதிமன்றமும், 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. கிழிந்த சட்டையைப் பார்க்கச் சொன்ன நியாயத்திற்கும், கறைபடாத வரைபடத்தைப் பார்த்த நியாயத்திற்கும் இடையே வேறுபாடு ஏதும் உண்டா?

அஜ்மல் கசாபின் மரண தண்டனையை உறுதி செய்ததும் அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்புத்தான். அவனுக்கும் வழக்கறிஞர் இருந்தார், சான்றுகள் சோதிக்கப்பட்டன, அவை நிலைத்து நின்றன. எதிர்வாதம் குற்றவாளியைத் தப்பவைக்கிறது என்று அஞ்சுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சோதனையைத் தாங்கும் சான்று, சோதனையால் வலுவே பெறுகிறது.

2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கிலும் ஷாஹித் ஆஸ்மி தொடக்க காலத்தில் வாதாடினார். 2015இல் 12 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் ஐவருக்கு மரண தண்டனை. 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் 12 பேரின் தண்டனையையும் ரத்து செய்தது. அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்பத் தேவையில்லை என்ற அந்நீதிமன்றம், அத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்வதை மட்டும் நிறுத்திவைத்தது. அக்குண்டுவெடிப்பில் 180க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தவறான ஒருவர் சிறையில் இருக்கும் ஒவ்வொரு நாளும், உண்மைக் குற்றவாளி வெளியே நடமாடும் நாளாகும். இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் அது இழைக்கப்படும் அநீதியே.

குற்றவாளிக்காகவும் வாதாடலாமா?

கட்சிக்காரர் உண்மையிலேயே தவறு செய்தவராக இருந்தால்? இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. குற்றம் பற்றித் தம் சொந்த எண்ணம் எதுவாயினும், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வழக்கறிஞர் வாதாட வேண்டும் என்றும், போதிய சான்றின்றி எவரும் தண்டிக்கப்படலாகாது என்ற சட்டத்திற்கே அவருடைய விசுவாசம் உரியது என்றும் இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் கூறுகின்றன. அதற்காகப் பொய்ச் சாட்சியைத் தயாரிக்கவோ, சாட்சியை மிரட்டவோ, ஆவணத்தைத் திருத்தவோ சட்டமும் இடம் தரவில்லை. மார்க்கமும் இடம் தரவில்லை. பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். நாவன்மையால் பிறருடைய உரிமையைப் பெறுபவர் நெருப்பின் ஒரு துண்டையே பெறுகிறார் என்றும் எச்சரித்தார்கள்.

ஆகவே எல்லை தெளிவானது. சான்றைச் சோதிப்பது கடமை. சான்றைப் புனைவது ஹராம். தண்டனை குற்றத்தின் அளவைத் தாண்டிவிடக் கூடாது என்று கேட்பது நியாயம். பாதிக்கப்பட்டவரின் மீது சேற்றை வாரி இறைப்பது அநியாயம். இவ்வெல்லையில் நின்று தொழில் செய்யும் இறையச்சமுள்ள வழக்கறிஞர் நமக்குத் தேவை. அப்படிப்பட்டவர்கள் வராமல் ஒதுங்கினால், அவ்விடத்தை எல்லையறியாதவர்களே நிரப்புவார்கள்.

நம்மவருக்கு மட்டும்தானா?

இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கசப்பான கேள்வி ஒன்று உண்டு. முஸ்லிம் இளைஞர் கைதானால் நாம் பதறுகிறோம், சரிதான். வேறொரு சமுதாயத்தின் ஏழைப் பிள்ளை பொய் வழக்கில் சிக்கினால் நம் உள்ளம் அதே அளவு பதறுகிறதா? நம்மவர் என்பதற்காகவே பரிந்து பேசிய மதீனாவின் அந்தக் குலத்தாரைப் போல நாமும் ஆகிவிடவில்லையே?

தமிழகம் கண்ட ஒரு வழக்கை நினைவுகூர்வோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவர்களுக்காக மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் போன்றோர் துணிந்து நிற்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் இடையே தகராறு மூண்டபோது, காவலர்களுக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய தீர்மானங்கள் செல்லாது என அறிவித்தது. காவலரே கூண்டில் நின்றாலும் அவருக்கும் வழக்கறிஞர் வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்ற இறைக்கட்டளை (5:8) கேட்பதும் இதைத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

கைது நேர்ந்த வீட்டார், இடைத்தரகர்களிடம் பணம் கொடுத்து ஏமாறாமல், முதல் நாளிலேயே வழக்கறிஞரை நாட வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்திடக் கூடாது. வசதியற்றோர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது வழக்கறிஞருக்கு விலக்கப்பட்டது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது இன்னும் பெரிது. பிளஸ் டூ முடித்தவர் ஐந்தாண்டுகளும், பட்டம் பெற்றவர் மூன்றாண்டுகளும் படித்துச் சட்டப் பட்டம் பெறலாம். படித்து முடித்தபின் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் வருவாய் மிகக் குறைவு. திறமையுள்ள ஏழைப் பிள்ளைகள் இத்துறையைக் கைவிடுவது அந்த ஆண்டுகளில்தான். கல்லூரிக் கட்டணத்திற்கு உதவும் நம் அறக்கட்டளைகள், அந்த ஆண்டுகளுக்கும் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தலாமே! பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் அவசியம். காவல் நிலைய வாசலில் நிற்கும் ஒரு தாய், தன் துயரத்தைத் தயக்கமின்றிச் சொல்ல ஒரு பெண் வழக்கறிஞர் அருகில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அடுத்த முறை நம் பிள்ளை, "கிரிமினல் வக்கீலாக வேண்டும்" என்று சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். "எவருக்காக நின்றாலும் பொய்யைத் துணைக்கு அழைக்காதே, எவர் கைவிடப்பட்டு நின்றாலும் அவர் யார் என்று பார்க்காதே" என்று சொல்லி வழியனுப்பி வைப்போம்.

நமக்கே எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்து நிற்பவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.